வெறுங்காலும் க்ரூஸரும்

பாஸ்கல் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வண்டி படுத்திருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு யூ டர்ன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கறுப்பு உடம்பும் பளபளக்கும் சைலன்சருமாக ஒரு பெரிய க்ரூஸர் பைக் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க, பின்னால் சேர்ந்துவிட்ட ஷேர் ஆட்டோக்கள் ஹாரனை விடாமல் அடித்தன. நான் வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். பையை ஓரமாக வைத்துவிட்டு ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கியும் அது எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.

"தூக்கு நைனா, தூக்கு. எருமை மாறி கீது, இன்னா பண்றது? டாங்குல கோடு வுயுந்துச்சா பாரு மொதல்ல."

டாங்கில் கோடு விழவில்லை. வண்டியை ஓரம்கட்டிவிட்டு, "வா, ஒரு டீ அடிக்கலாம்" என்று முன்னால் நடந்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வலது கால் செருப்பு வண்டி விழுந்த இடத்திலேயே கிடந்தது. மனிதர் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் சேற்றோடும் ஜல்லியின்மேல் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, செருப்பு."

குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "அட, எப்போ வுட்டேன்?" என்றார். பிறகு சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

அந்த டீக்கடையில்தான் நான் அறை தேடுவதைச் சொன்னேன். செய்யாறு பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், பி.இ. மெக்கானிக்கல். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. "இன்ஜினீரா? அப்போ நம்ம மாடிக்கே வந்துடு. வண்டிக்கும் ஒரு டாக்டர் ஆச்சு" என்றார். கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு மாடியில் ஒற்றை அறை. அன்றுமுதல் என் பெயரை அவர் சொன்னதே இல்லை. இன்ஜினீரு, அவ்வளவுதான்.

அவர் ஒரு ரப்பர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஞானசௌந்தரி அக்கா அதே தெருவில் உள்ள நர்சரி பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாதா பீடம், அதன் கீழே ஒரு சின்ன நீல விளக்கு. வாசலில் க்ரூஸர். அதை உள்ளே ஏற்றினால் ஆள் வெளியே நிற்க வேண்டும். அத்தனை சின்ன வாசல்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குமணன்சாவடியில் ஒரு டீக்கடைக்கு முன்னால் க்ரூஸர்காரர்கள் கூடுவார்கள். பாஸ்கல் அண்ணனின் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். புதிதாக வாங்க நினைக்கிறவன் யாராவது வந்து, "எப்டிண்ணா வண்டி?" என்று கேட்டுவிட்டால் போதும்.

"ஹைவேல வுட்டா ராஜா மச்சான்," என்பான் சந்தோஷ். "பாடி சிக்னல்ல நின்னா பிச்சக்காரன். தெருவுல திருப்பணும்னா மூணு ஊட்டு கோலத்த அழிக்கணும்."

"கால நீட்டிக்கினு சோபால உக்கார்ற மாறி உக்காருவ," என்பான் ரூபஸ். அவன் பாஸ்கல் அண்ணனின் சித்தி மகன். "ஆனா பள்ளத்துல இறங்குச்சுன்னு வெச்சுக்கோ, இடி நேரா முதுகுத்தண்டுல. கால் முன்னாடி கீதே, எழுந்து தப்பிக்கவா முடியும்?"

"சூடு?" என்பான் வந்தவன்.

"அத்த கேக்காத மாமே. ஜீன்ஸ் போட்டாலே வறுத்துடுது."

"அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"ஏறி உக்காந்தா ஒருத்தனும் ஒன்ன 'டேய்'னு கூப்புட மாட்டான், அதுக்குத்தான்" என்று ரூபஸ் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள்.

பாஸ்கல் அண்ணன் இந்தப் பேச்சில் சேரமாட்டார். ஒருநாள் மாடியில் துணி எடுக்க வந்தவர் தானாகவே சொன்னார்.

"அவனுங்களுக்கு அது ஸ்டைலு. எனக்கு அப்டி இல்ல இன்ஜினீரு. சுகர் வந்து பல வருஷம் ஆச்சு. ரெண்டு பாதத்துலயும் ஒண்ணும் தெரில. பஞ்சு கட்டின மாறி கீது. பழைய வண்டி ஒயரம். சிக்னல்ல கால ஊனுவேன், தரைய தொட்டுச்சா இல்லியான்னு தெரியாது, ரெண்டு தபா வுயுந்தேன். இதுல சீட்டு தாழ்வு. பாதம் ரெண்டும் பப்பரப்பான்னு தரையில படுத்துக்கும். எனக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா? வண்டி நிக்கும்."

"டாக்டர் என்னண்ணே சொன்னார்?"

"ஊட்டுக்குள்ளயும் செருப்பு போடணுமாம். தெனமும் பாதத்த திருப்பிப் பாக்கணுமாம், கொயந்தய பாக்குற மாறி."

செருப்பு விஷயத்தில் ஞானசௌந்தரி அக்காவே முதலில் தயங்கியிருக்கிறார். பீடத்துக்கு முன்னால் செருப்புக் காலோடு எப்படி நடப்பது? பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போடவென்றே மெத்தென்ற ஒரு ஜோடி வாங்கிவந்து வாசற்படியில் வைத்தார். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு சமையலறை வரைக்கும் போவார். பீடம் இருக்கிற கூடத்தைக் கடக்கும்போது கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அக்கா கத்துவார். அவர் சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருஷம் வேளாங்கண்ணித் திருவிழா நெருங்கியது. எங்கள் பக்கத்திலிருந்து காவி உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். பாதிப்பேர் காலில் செருப்பிருக்காது, அது நேர்ச்சை. பாஸ்கல் அண்ணனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். வண்டியில் போவார். ஆனால் வீட்டுப்படி இறங்கியதிலிருந்து மாதா கோயில் போய்ச் சேரும் வரை காலில் செருப்பு போடமாட்டார். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். பாதத்தில் உணர்ச்சி திரும்பி வரவேண்டும்.

"யோவ், செருப்பு போடாம வான்னு மாதா உன் கனவுல வந்து சொன்னாங்களா?" என்று அக்கா கேட்டார்.

"நேர்ந்துகினேன். அவ்ளோதான்."

"அந்த இஞ்சின் கொதிக்குமேய்யா! பூட்ஸ் போட்டவனே கத்துறான்."

"காலு சரியாவணும்னுதானே போறேன்? காலுக்கு பயந்துகினு போனா அது இன்னா வேண்டுதலு?"

பங்குச் சாமியாரையே வீட்டுக்கு அழைத்துவந்து சொல்லவைத்தார் அக்கா. நோயாளிகளுக்கு நேர்ச்சையில் விலக்கு உண்டு என்று அவரும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாமியார் போனதும், "ஃபாதருக்கு சுகர் இல்ல" என்றார்.

கடைசியில் அக்கா மாடியேறி என்னிடம் வந்தார். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லியும் கேக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். கூடவாவது போயேன்." கையில் ஒரு பையைக் கொடுத்தார். பஞ்சு, மருந்து, அந்த மெத்தென்ற செருப்பு ஜோடி.

கிழக்கு வெளுக்கும் முன்பே கிளம்பினோம். முன்னால் ரூபஸ், அவன் வண்டியில் நீலக்கொடி. பின்னால் நாங்கள். திண்டிவனம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அண்ணன் பாட்டுக்கூடப் பாடினார். கடலூர் தாண்டியதும் வெயில் ஏறியது, கூட்டமும் ஏறியது. சாலை நெடுக நடைக்காரர்கள், தேர்போல ஜோடித்த வேன்கள், பேருந்துகள். சிதம்பரத்தை நெருங்கும்போது வண்டிகள் நகரவே இல்லை. கொஞ்சம் உருள்வதும் நிற்பதுமாக இருந்தது. இடது காலை ஊன்றிக்கொண்டு வலது காலை பிரேக்கிலேயே வைத்திருந்தார் அண்ணன். என் பூட்ஸுக்குள்ளேயே வெந்தது.

ஒரு வாடை வந்தது. கோழி வாட்டுவதுபோல.

"அண்ணே, ஏதோ கருகுது."

"கிளட்சு நைனா. இந்த டிராபிக்ல வேற எப்டி?"

கிளட்ச் கருகும் வாடை எனக்குத் தெரியும். இது அதுவல்ல. அவர் தோளைத் தாண்டிக் குனிந்து பார்த்தேன். அவருடைய வலது குதிகாலின் உள்பக்கம் சைலன்சர் குழாயின்மேல் அப்படியே சாய்ந்திருந்தது. சத்தம் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் காலை எடுத்தபோது தோல் குழாயிலேயே தங்கிவிட்டது. பளபளப்பின்மேல் வெள்ளையாக ஒரு திட்டு.

ரூபஸ் திரும்பி ஓடிவந்தான். பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. "அண்ணாத்தே... வலிக்கலியா?"

அதுதான் அவருக்கும் கேள்வி. சாலையோரம் உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சிவந்த சதையை விரலால் தொட்டார். இன்னும் அழுத்தித் தொட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்லடா," என்றார். "ஒண்ணுமே இல்ல."

சிதம்பரத்தில் மருத்துவமனைக்குப் போகலாம் என்று இருவரும் கெஞ்சினோம். பையிலிருந்த செருப்பை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தள்ளினார். "இப்ப போட்டுட்டா எல்லாம் வேஸ்டுடா. மாதா பாத்துகினு கீறாங்க. வுட்டுடாதீங்கடா என்ன, வுட்டுடாதீங்க" என்று எங்கள் இருவர் சட்டையையும் பிடித்துக்கொண்டார். நடந்து போன பெண்களில் சிலர் நின்று பார்த்து, ஜெபமாலையை உருட்டியபடியே போனார்கள். பஞ்சு வைத்துக் கட்டினேன். துணி செருப்பாகாது என்று அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். மீதித் தூரம் ரூபஸ்தான் க்ரூஸரை ஓட்டினான். அண்ணன் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவன் வண்டியை நான் ஓட்டினேன்.

வேளாங்கண்ணியில் பழைய மாதா குளத்திலிருந்து கோயில் வரை மணலில் முழங்காலால் ஊர்ந்து போவார்கள். அவரும் போனார். கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. சதையில் மணல் ஒட்டியது. நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே நடந்தேன். கோயில் படியை அடைந்ததும் நெற்றியை அதன்மேல் வைத்து அவர் அழுதார். எத்தனையோ பேர் அப்படி அழுதுகொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் காய்ச்சல் வந்தது. கால் வீங்கியது, பிறகு நிறம் மாறியது. முதலில் குதிகாலைச் சுரண்டினார்கள். பிறகு ஒரு விரல், அடுத்த விரல். ஒவ்வொரு தடவையும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஞானசௌந்தரி அக்கா வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, மாதாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், வாய்விட்டே. கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணன் காலைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டியைப் பற்றித்தான் பேசினார். ஊன்றுகோலோடு வாசலுக்குப் போய் டாங்கைத் துடைப்பார். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"இன்ஜினீரு, வலது காலுக்கு இன்னா வேல வண்டில? பின் பிரேக்கு. அத்த கைக்கு மாத்திட்டா?"

குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தேன். அது முடியும். அப்படி மாற்றியவர்களை எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"முடியும் இல்ல? உன் மூஞ்சிலயே தெரியுது. கட்டக்கால் வந்துடும். இடது கால் நல்லா கீது, கியர் அதுதானே போடுது? தாழ்வான வண்டி, ஊனிக்கலாம்." என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்திருந்தது. "ஸ்டோர்ஸ்ல இனிமே உக்கார வெச்சுடுவானுங்க. ஊட்டுல இவ உக்கார வெச்சுடுவா. அது ஒண்ணுதாண்டா கீது. செஞ்சு குடுடா. கெஞ்சி கேக்குறேன்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வந்தார். அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவருடைய இடது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தார். மருத்துவமனையில் நர்ஸ் செய்து காட்டிய சோதனை அது.

"கண்ண மூடு. தொட்டா சொல்லு. சரியா சொல்லிட்டீன்னா நானே இந்தப் புள்ளய வண்டிய மாத்தச் சொல்றேன்."

அவர் கண்ணை மூடினார். அக்கா குச்சியைக் கட்டைவிரலின் அடியில் வைத்து அழுத்தினார். குச்சி வில்லாக வளைந்தது.

"இன்னாடி, ஆரம்பி" என்றார் அண்ணன்.

அக்கா குச்சியை எடுத்து நடுப்பாதத்தில் வைத்தார். பிறகு ஓரத்தில். பிறகு குதிகாலில். அண்ணன் காத்திருந்தார், சின்னப் பிள்ளைபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. அக்கா இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். குச்சியைத் தன் புடவைமேல் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்போ!" என்றார் அண்ணன். "கட்டவெரல்ல. தொட்ட இல்ல? இப்போ!"

அக்கா என்னைப் பார்த்தார்.

"சொல்லேண்டி."

"இல்லய்யா" என்றார் அக்கா.

அண்ணன் பாதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவே இல்லை. "ரூபஸுக்கு போன் போடு இன்ஜினீரு," என்றார். "வந்து எடுத்துகினு போவச் சொல்லு. நான் பாக்கும்போது வோணாம்."

மறுநாள் அவரைக் கட்டு மாற்ற அழைத்துப்போயிருந்த நேரத்தில் ரூபஸ் வந்து வண்டியை எடுத்துப் போனான்.

பாஸ்கல் அண்ணன் இப்போது கள்ளிக்குப்பத்து வீட்டில்தான் இருக்கிறார். அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலை. செயற்கைக் காலோடு ஷேர் ஆட்டோவில் போய்வருகிறார். கோயிலுக்கு அக்கா மட்டும் போகிறார். போவதற்கு முன்னால், தினமும் காலையில், அண்ணனின் இடது பாதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். போன வாரம் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்தது. மருந்து போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஆறவில்லை.