ரெண்டு இன்ட்டு ரெண்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கத்தி பிளேடு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஃபர்னஸ் என் பொறுப்பில் இருந்தது. ஐந்து வருடம் பேக்கிங்கில் உட்கார்ந்து, சண்டை போட்டு வாங்கிய இடம் அது. பொம்பளைக்கு எதுக்கு அனல் வேலை என்று கேட்டவர்கள் வீட்டில் அடுப்பை யார் மூட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்க விடவில்லை.

போன வருடம் புது ஸ்டீல் வந்தது. அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் உருக்கி, ஊற்றி, தகடாக உருட்டிய சரக்கு. இதுவோ, உருக்கிய எஃகை மாவு போலப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டில் அழுத்திக் கட்டியாக்கி, அப்புறம் தகடாக்கியது. குரோமியம் எங்களுக்குப் பழக்கம். வனேடியம், நயோபியம் என்ற பெயர்களை ஸ்டீலோடு வந்த சீட்டில்தான் முதலில் படித்தேன். ஒருமுறை தீட்டினால் பல நாள் கூர் நிற்கும் என்று இறைச்சி வெட்டும் கம்பெனி ஒன்று அந்த ஸ்டீலிலேயே கத்தி கேட்டிருந்தது.

பிளேடைக் கெட்டிப்படுத்தும் வேலை வெளியே முடிந்து வரும். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் உடையும். மறுபடி அளவான சூட்டில் வைத்து அந்த முரட்டுத்தனத்தை இறக்குவதற்குப் பெயர் டெம்பர் போடுவது. அதுதான் என் வேலை. பழைய ஸ்டீலுக்கு ஒரு தடவை போட்டால் போதும். புதுச் சீட்டில் சூட்டின் அளவுக்குப் பக்கத்தில் ‘2 x 2 மணி’ என்று இருந்தது.

சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், டிப்ளமோ படித்தவர். சீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

“ரெண்டு இன்ட்டு ரெண்டு நாலு. நாலு மணி நேரம் ஒரே மூச்சா வெச்சிடுக்கா.”

வைத்தேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். பெருக்கல் கணக்கு என்றதும் நானும் தலையாட்டிவிட்டேன்.

கூர் போட்டுப் பார்க்க இரண்டு பிளேடு எடுத்துப் போன கிரைண்டிங் அண்ணன் மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “இன்னாமா இது? கூர் வெச்சா ஓரம் பல்லு பல்லா பிச்சிக்கினு வருது.”

வீட்டிலிருந்து பித்தளைக் கரண்டி ஒன்றை எடுத்துப் போனேன். கத்தியின் கூரைக் கரண்டிக் காம்பின் மேல் வைத்து அழுத்தினால், நல்ல கூர் லேசாக வளைந்து திரும்ப நிமிரும். இது வளையவில்லை. காம்பின் மேல் மணல் மாதிரி சில்லு உதிர்ந்தது.

அந்தச் சில்லைப் பார்த்தபோது எனக்கு நெல் மில் ஞாபகம் வந்தது. கம்பெனிக்கு வருவதற்கு முன் செங்குன்றத்தில் மில் களத்தில் நெல் கிளறியவள் நான். புழுங்கல் அரிசி இரண்டு தடவை நெருப்பைப் பார்க்கிறது, மில்லில் ஒரு தடவை, வீட்டு உலையில் ஒரு தடவை. நடுவில் களத்தில் காய்கிறது. காய விடாமல் நெல்லை நாலு மணி நேரம் அவித்தால் அது அரிசியும் ஆகாது, சோறும் ஆகாது. இரண்டு மணி சூடு, நடுவில் ஆற வேண்டும், மறுபடி இரண்டு மணி சூடு. சீட்டு சொன்னது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டீல் விற்றவர்களுக்கே போன் போட்டுக் கேட்டேன். அதேதான் என்றார்கள். முதல் தடவை ஆறும்போது ஸ்டீலுக்குள் ஒரு பகுதி புதிதாகக் கெட்டிப்படுமாம். பச்சையாக நிற்கும் அந்தப் பகுதிக்குத்தான் இரண்டாவது சூடு. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் அந்த இரண்டு பிளேடுகளில் ஒன்றுக்கு மட்டும் இன்னொரு தடவை டெம்பர் போட்டு, புதிதாகக் கூர் தீட்டி வைத்தேன்.

சூப்பர்வைசரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. “மீட்டரு கரெக்டா காட்டுதுக்கா. நாளன்னிக்கு லாரி வருது. பேஜாரு பண்ணாத, கார்டுல கையெழுத்து போடு.”

கெட்டித்தன்மையை அளக்கும் மீட்டர் சரியாகத்தான் காட்டியது. சில்லு உதிருமா என்று அதற்குத் தெரியாது. என் கையெழுத்து இல்லாமல் ஃபர்னஸிலிருந்து சரக்கு நகராது.

“போட மாட்டேன் சார். கறியில இந்தச் சில்லு போச்சுன்னா எந்தக் கொழந்த முழுங்கும்னு யாருக்குத் தெரியும்?”

“அப்ப திரும்ப பேக்கிங்குக்குத்தான் போவணும்.”

நான் பேனாவைத் தொடவில்லை. நேரே முதலாளி அறைக்குப் போய், மேசை மேல் கரண்டியை வைத்து, இரண்டு பிளேடுகளையும் அவர் கையிலேயே கொடுத்து அழுத்தச் சொன்னேன். ஒன்று உதிர்ந்தது, ஒன்று நிமிர்ந்தது. அவர் சூப்பர்வைசரைப் பார்த்து, “எல்லாத்தையும் இன்னொரு வாட்டி போடுங்க,” என்றார். லாரி இரண்டு நாள் காத்திருந்தது.

அடுத்த வாரமே ஃபர்னஸுக்குப் படித்த ஆள் ஒருவரைப் போட்டார்கள். என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். முதலாளி அதைத் தடுக்கவில்லை. சரக்கைக் காப்பாற்றியவளை மூலையில் உட்கார வைத்தால் அழுவாள் என்று நினைத்தார்கள் போல. எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

கரண்டியையும் என்னோடு பேக்கிங் மேசைக்கு எடுத்துப் போனேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிளேடை எடுத்துக் காம்பில் அழுத்திப் பார்த்த பிறகுதான் டேப் ஒட்டுவேன். மூன்றாவது வாரம் ஒரு பெட்டியில் சில்லு உதிர்ந்தது. புது ஆளுக்கும் அதே பெருக்கல் கணக்கைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெட்டியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினேன்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். “பேக் பண்ணத்தான்கா ஒன்ன இங்க ஒக்கார வெச்சது.”

“தெரியும் சார், அதான் பாத்து பண்றேன். என்ன எங்க ஒக்கார வெச்சாலும், கத்தி கடைசீல எங்கிட்டதான் வந்தாவணும்.”

அவர் கரண்டியைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஃபர்னஸ் பக்கம் போனார். “ரெண்டு மணி. ஆற வை. அப்பறம் ரெண்டு மணி,” என்று புது ஆளிடம் அவர் சொன்னது பேக்கிங் மேசை வரை கேட்டது.