இரவலாக வந்த பினாங்குப் பூ

1968 செப்டம்பர் 2, திங்கட்கிழமை. வழக்கம் போல ஆத்தா விடியுமுன் எழுந்து, முகம் கழுவி, முதல் வேலையாக இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் தொங்கிய செடிக்குத் தண்ணீர் தெளித்தார். அதன் பிறகுதான் வாசல் தெளித்துக் கோலம், அடுப்பு, எனக்குத் தலை பின்னுவது எல்லாம். அந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. அன்று எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அண்ணனை வேறு வைக்கும் நாள்.

கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பும் தனிப் பண்டபாத்திரமும் கொடுத்து ஒதுக்குவதை எங்கள் பக்கம் வேறு வைப்பது என்பார்கள். அதற்குச் சண்டை எதுவும் தேவையில்லை. அது முறை. கொத்தமங்கலத்தில் எங்கள் வீடு பெரியது. முற்றத்தைச் சுற்றி அறைகள் இருந்தன. எங்கள் அடுப்பு கிழக்கே, அண்ணனுக்கு ஒதுக்கிய அடுப்பு மேற்கே. நடுவில் முற்றம்.

அண்ணனுக்கு மதுரையில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை பஸ் ஏறுவார். ஆகவே அந்த மேற்கு அடுப்பில் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரு ஆளுக்குத்தான் சோறு வேகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி, அண்ணன் மனைவியை அண்ணமிண்டி என்று கூப்பிடுவேன். அவர் ஆத்தாவின் உடன்பிறந்த அண்ணன் மகள். சிறு வயதில் பினாங்கில் வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தாழ்வாரத்துச் செடியும் பினாங்கிலிருந்து வந்ததுதான். ஆர்க்கிட் என்ற பெயரைப் பின்னாளில்தான் அறிந்தேன். வீட்டில் அது பினாங்குப் பூ. மண்ணே இல்லாமல், தேங்காய் மட்டையிலும் அடுப்புக்கரியிலும் வேரைப் பற்றிக்கொண்டு மரச்சட்டப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது தாங்காது. சித்திரையில் பெட்டிக்கு அடியில் தண்ணீர் நிறைந்த அண்டாவை வைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டுவார் ஆத்தா. பூத்து முடிந்த தண்டுகள் இலை உதிர்த்து, சுருங்கி, பார்க்க நன்றாக இருக்காது. அந்த வருஷம் அவற்றின் அடியில் இரண்டு பக்கக்கன்றுகள் முளைத்திருந்தன. என் விரல் நீளம் இருக்கும். மருமகளுக்குச் சீராக அவற்றில் ஒன்றைக் கொடுப்பதென்று ஆத்தா முடிவு செய்திருந்தார். அந்தச் செடியின் ஓர் இலையைக்கூட அதுவரை யாருக்கும் கொடுக்காதவர் அவர்.

முற்றத்தில் சாமான்களைப் பரப்பினார்கள். வெண்கலப் பானை, அரிவாள்மனை, அரிசி, பருப்பு, உப்பு, புளி, விறகு, கட்டு அவிழ்க்காத துடைப்பம். எல்லாம் புதுசு. வரிசையின் கடைசியில் ஒரு புது மண்சட்டி, உள்ளே புது மட்டை நார். அப்பச்சி கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சு” என்றார். ஆத்தா செடியை இறக்கிக் கத்தியைக் கையில் எடுத்தார்.

“அயித்தே, கன்னை மட்டும் எடுத்தீகன்னா பொழைக்காது. அதுக்கு இன்னும் சொந்த வேர் இறங்கல. பின்னாடி இருக்க பழைய தண்டு மூணையும் சேத்து எடுங்க. அதுதான் கன்னுக்குத் தண்ணி குடுக்கும். பினாங்குல அப்படித்தான் எடுப்பாக” என்றார் அண்ணமிண்டி.

“பழசயா? ஏத்தா, வேறு வைக்கையில பழசக் குடுப்பாகளா? கரி புடிச்ச சட்டியக் குடுத்து ஒதுக்கிவிட்ட கணக்கால்ல இருக்கும்!”

“செடிக்கு அது தெரியுமா அயித்தே?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அப்பச்சியின் அண்ணன் மனைவியான பெரியம்மா சிரிப்போடு விடவில்லை.

“கன்னு வாங்க வந்தவ மரத்தையே கேக்குறா பாத்தீகளா! ஒங்க அண்ணன் மகள்ல, வாய் இருக்கத்தான் செய்யும்.”

இந்தப் பேச்சுக்குப் பிறகு ஆத்தாவால் இறங்கிவர முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கத்தியைக் கன்றின் கழுத்தில் வைத்தார். அண்ணமிண்டி குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“அப்ப வேண்டாம் அயித்தே. ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

வேறு வைக்கும் நாளில் மாமியார் கொடுப்பதை மருமகள் வேண்டாம் என்று சொல்லி அந்த முற்றம் கேட்டதில்லை போலும். ஆத்தா கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செடியைப் பழைய கொக்கியிலேயே மாட்டினார். சாமான்கள் மேற்கே போயின. வெறும் மண்சட்டியும் போனது. அதைத் தூக்கிப்போனது நான்தான்.

அண்ணமிண்டி புது அடுப்பில் பால் காய்ச்சினார், சமைத்தார். அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார். அதுவரை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணமிண்டி அன்று பொழுது சாய்ந்ததும் மேற்கே தனியாக இலை போட்டுக்கொண்டார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“எங்குட்டுப் போற?” என்றார் ஆத்தா.

“அண்ணமிண்டிகூட சாப்பிட.”

“உக்காரு. அது இனிமே அவுக அடுப்பு. கூப்பிடாமப் போகக் கூடாது.”

உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவரே, “அங்குட்டு வெளக்கு எரியுதா பாரு” என்றார். எரிகிறது என்றேன். “சாப்புடுறாளா?” என்றார். தூண் மறைக்கிறது என்றேன். எட்டிப் பார்த்தாலே தெரியும் தூரம்தான். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. இந்த முற்றத்தை இனி யார் முதலில் தாண்டுவது என்பது அங்கே ஒரு கேள்வியாக நின்றது எனக்குத் தெரியாது. எனக்கு வருத்தமெல்லாம் அண்ணமிண்டி செய்த கத்தரிக்காய்க் கறி கிடைக்கவில்லையே என்பதுதான்.

மறுநாள் காலை ஆத்தா முதல் வேலையாகச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. அதைக் கீழே இறக்கினார். ஒரு கன்றையும் அதன் பின்னால் இருந்த சுருங்கிய தண்டுகள் மூன்றையும் வேரோடு சேர்த்து ஒரே துண்டாக வெட்டி எடுத்தார். புறக்கடையில் கிடந்த ஓட்டைச் சட்டி ஒன்றில் அதை வைத்து, சுற்றிலும் கரித்துண்டுகளைச் செருகினார். என்னை எழுப்பிச் சட்டியைக் கையில் கொடுத்தார்.

“அண்ணமிண்டிகிட்டக் குடு. சீரு இல்ல, இரவல்னு சொல்லு. மறக்காமச் சொல்லணும், இரவல்.”

போய்ச் சொன்னேன். அண்ணமிண்டி சட்டியை வாங்கித் தண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“இரவலா? எப்பத் திருப்பித் தரணுமாம்? கேட்டுட்டு வா.”

திரும்ப வந்து கேட்டேன். ஆத்தா என் முகத்தைப் பார்க்காமல், “பூக்கட்டும், சொல்றேன். அதுவரைக்கும் தண்ணி சரியா ஊத்துறாளான்னு நான் வந்து வந்து பாப்பேன்னு சொல்லு” என்றார்.

மீண்டும் மேற்கே போய்ச் சொன்னேன். அண்ணமிண்டி சிரித்தார். ஒரு சிறு கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பால் காச்சி வச்சிருக்கேன். உறை ஊத்த மோர் இல்ல. எல்லாத்தையும் புதுசாக் குடுத்தீக, புது மோரை ஊத்துனா பால் உறையுமான்னு அயித்தைகிட்டக் கேளு. பழைய மோர் ஒரு கரண்டி இரவல் வேணும்னு சொல்லு.”

கிண்ணத்தை நீட்டி அப்படியே ஒப்பித்தேன். முந்தின நாள் முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் பழசு கொடுக்கக் கூடாது என்று சொன்னவர், உறியிலிருந்து மோர்ச்சட்டியை இறக்கினார். கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினார். சற்று நின்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

ஒருவருக்கொருவர் எதிரே இருந்துகொண்டு, நேரில் பேசாமல், என்னை ஏன் இப்படி அலைய விடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இரவல் என்றால் கொடுக்க ஒரு முறையும் வாங்க ஒரு முறையும் வந்து போக வேண்டும் என்பது தோன்றவில்லை. மோர் சிந்தாமல் முற்றத்தைத் தாண்டுவதில்தான் என் கவனம் இருந்தது. மோர் மேற்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அன்று ஆத்தா வாசல் தெளித்தார்.