இரண்டாம் முறை வைத்த விரல்

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் அந்த வகுப்பை ஏற்றுக்கொண்டேன். சங்கரன்கோவிலில் முப்பது வருஷத்துக்கு மேல் வணிகவியல் நடத்தியவன் நான். நான் வேலை பார்த்த பள்ளிக்கு இப்போது தலைமையாசிரியராக இருப்பவர் என்னிடம் படித்தவர். வீட்டுக்கே வந்து கேட்டார்.

"சார், எல்லாப் பிள்ளைக கையிலயும் போன் இருக்கு. எவனோ ஒரு லிங்க் அனுப்புதான், இதுக அமுக்கிருதுக. சனிக்கிழமை வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

சரி என்றேன். பெருமையாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பாதிக்கு மேல் விசைத்தறி வீடுகளிலிருந்து வருகிறவர்கள். பத்திரிகையில் வந்த மோசடிச் செய்திகளைக் கத்தரித்து எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே. ஆதார் நகல் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கிறாய் என்று அதன் மேலேயே எழுதிக் கொடு. ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், என் அக்கவுண்ட்ல திருட வாரவன், பாவப்பட்டு எதாவது போட்டுட்டுத்தான் போவான்."

வகுப்பே சிரித்தது. "ஏலே, அவனுக்கு உன் காசு எதுக்கு? உன் பேர்தான் வேணும். உன் பேர வச்சு அடுத்தவன ஏமாத்துவான். போலீசு உன்னத் தேடி வரும்" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக அன்று நினைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். எதையும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொள்கிறவள். அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். இவள் காலையும் மாலையும் வீட்டில் தறிக்கு நூல் சுற்றிவிட்டுப் பள்ளிக்கு வருவாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்காக அவள் அம்மா சேர்த்ததெல்லாம் வங்கியில் அவள் பெயரில் கிடந்தது. ஆனால் அந்தக் கணக்கோடு இணைத்திருந்த போன் நம்பர் தறிக்கூட முதலாளியின் பெயரில் இருந்தது. அது தெரிந்ததும் நான்தான் சொன்னேன்: "ஊரான் பேர்ல உள்ள நம்பர வங்கியில குடுக்கக் கூடாதும்மா. உன் பேர்ல ஒரு சிம் வாங்கு."

மஞ்சள் காமாலையில் ஒரு வருஷப் படிப்பு போனதால் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. "நீங்க கூடப் போங்க சார், நான் தறிய நிறுத்த முடியாது" என்றார் அவள் அப்பா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்தவனிடம் அழைத்துப்போனேன். அவனும் என்னிடம் படித்தவன்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"சார் கூட்டிட்டு வந்த பிள்ளையா? உக்காரு தங்கச்சி."

ஆதார் நகலை வாங்கிக்கொண்டான். போனோடு இணைத்த சின்னக் கருவியில் விரலை வைக்கச் சொன்னான். வைத்தாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்து போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் பார்த்தேன்.

"ரேகை விழல. திருப்பி வை" என்றான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "மொதல்லயே பச்சை டிக் வந்துச்சே அண்ணே. நான் பாத்தேன்."

"தறி வீட்டுக் கை தங்கச்சி. மிஷின் லேசுல ஏத்துக்காது."

அது பொய்யென்று யாருக்கும் தோன்றாது. இந்த ஊரில் நூல் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்தவர்கள் நிறையப் பேர். ரேஷன் கடையில் வரிசை நகராமல் நிற்பதே அதனால்தான். விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், விழாது, மறுபடியும் வைப்பார்கள். திருப்பி வை என்றால் எதற்கு என்று கேட்கிற வழக்கமே இங்கே இல்லை. அவள் கேட்டாள். என் வகுப்பில் கற்றதை வைத்துத்தான் கேட்டாள்.

என் பழைய மாணவன் முன்னால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. "ஏட்டி, ரேஷன் கடையில உங்கம்மை எத்தனை தடவ வைக்கா? பேசாம வை" என்றேன்.

வைத்தாள். அந்த இரண்டாவது ரேகையில் அவள் பெயரிலேயே இன்னொரு சிம் போட்டு அவன் எவனுக்கோ விற்றுவிட்டான். அது எங்களுக்குத் தெரியவந்தபோது பிளஸ் டூ முடிவு வெளியாகி, அவளுக்குத் திருநெல்வேலியில் நர்சிங் இடமும் கிடைத்திருந்தது. கட்டணம் கட்ட வங்கிக்குப் போனவளிடம் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். வேறு மாநிலத்தில் ஒரு வயதான அம்மாளைப் போனில் மிரட்டிப் பணம் பறித்திருக்கிறார்கள். மிரட்டிய நம்பர் இவள் பெயரில் இருந்தது. அந்த நம்பரை வைத்து இவள் பெயரில் இணையத்திலேயே திறந்த ஒரு கணக்கின் வழியாகப் பணம் போயிருக்கிறது. அதனால் இவள் பெயரில் இருந்த எல்லாக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். குடைக்காரனைத் தேடிப் போனேன். குடையும் இல்லை, ஆளும் இல்லை.

அவளை விசாரணைக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் மகன் விஷயம் கேள்விப்பட்டுப் போன் செய்தான். "சாட்சின்னு கையெழுத்துப் போட்டா கேஸ் நடக்குற ஊருக்கு அலைய விடுவாங்கப்பா. உங்க பென்ஷன் கணக்கையும் முடக்கிட்டா என்ன செய்வீங்க?" அதற்குமுன் எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. அதன் பிறகு வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

ஸ்டேஷனில் இருந்த ஆய்வாளர் நல்ல மனிதர். அவளை உட்காரவைத்துத்தான் பேசினார். "இந்தப் பிள்ளை ஏமாந்து போச்சுன்னு நான் எழுதினா கணக்கை விடுவிக்கச் சொல்லலாம். ஆனா ரெண்டு தடவ விரல் வாங்கினதப் பாத்தவங்க ஒருத்தர் சொல்லணும். நீங்க பக்கத்துல இருந்தீங்களா சார்?"

"கூட்டிட்டுப் போனேன். கொஞ்சம் தள்ளித்தான் நின்னேன். சரியாப் பாக்கல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் அவள் அப்பா, "நீங்க வந்ததே பெருசு சார்" என்று என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார். அவர் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தேன்.

கணக்கு திறக்கவில்லை. அவள் அப்பா முதலாளியிடம் கடன் கேட்டுப் பார்த்தார். போலீஸ் கேசில் இருக்கிற பிள்ளையை எந்த ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைப்பார்கள் என்று முதலாளி கேட்டாராம். கட்டணம் கட்டக் கொடுத்திருந்த கெடு முடிந்தது. இடம் வேறு யாருக்கோ போனது.

அதன் பிறகுதான் எனக்கு மனம் வந்தது. பார்த்தது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய ஆய்வாளர் மாறிப்போயிருந்தார். புதிதாக வந்தவர் படித்துவிட்டு, "மொதல்ல பாக்கலன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப பாத்தேங்கிறீங்க. இத எதுல சேக்க?" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார். இதுவரை பதில் இல்லை.

அங்கிருந்து தறிக்கூடத்துக்குப் போனேன். உள்ளே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. "நான் பாத்தேன்" என்று சொன்னேன். அவள் அப்பா காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். இன்னும் உரக்கக் கத்தினேன். தன் தறியை நிறுத்தினார், பக்கத்துத் தறிக்காரரையும் நிறுத்தச் சொன்னார். "டிக் வந்தத நானும் பாத்தேன். ஸ்டேஷன்ல மாத்திச் சொல்லிட்டேன்."

"ஏன் சார்?"

"பயந்துட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இப்ப சொல்லி என்ன செய்ய? நாங்க சொல்லிக்குடுத்துப் பேசுதீங்கன்னு எழுதுவான். எம்மவள இன்னொரு தடவ அந்த வாசலுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. விட்டுருங்க சார்" என்றார்.

அவளும் அங்கேதான் இருந்தாள். இப்போது முழுநேரமும் அந்தக் கூடத்தில் நூல் சுற்றுகிறாள். எழுந்து எங்கள் பக்கம் வந்தாள்.

"அப்ப நான் பாத்தது சரிதானா சார்?" என்று கேட்டாள். "நீங்க திருப்பி வைக்கச் சொன்னதும், எனக்குத்தான் கண்ணு தப்பாத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஸ்டேஷன்லயும் அதனாலதான் ஒண்ணும் பேசல."

சரிதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் அப்பா தறியை ஓட்டினார். அதற்குமேல் நான் என்ன சொல்லியிருந்தாலும் அங்கே யாருக்கும் கேட்டிருக்காது.