தளபதி பேருக்கு ஓர் அர்ச்சனை

எல்லையில் சண்டை மூண்டிருந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டு டிவி ஓயவே இல்லை. என் மகன் பட்டாளத்தில் ஹவில்தார். காஷ்மீர்ப் பக்கம் எங்கோ இருந்தான். “போன் வேலை செய்யாது, பயப்படாதீங்க” என்று மருமகளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சித்தூர் வீட்டில் நானும் அவளும்தான். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்று, யுத்தம் வருமா என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்பாள்: “ஏம்மா, யுத்தம் ஒஸ்துந்தா? உங்க புள்ள இன்னா சொல்றான்?” நாங்கள் ஏதோ டில்லியிலேயே குந்தி இருக்கிற மாதிரி கேட்பாள். எனக்கு வெளி ஆட்களிடம் பேச்சு வராது. தலையை மட்டும் ஆட்டுவேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாளோ இல்லை என்று எடுத்துக்கொண்டாளோ, தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிடுவாள்.

இத்தனை லட்சம் சிப்பாய்களுக்கும் மேலே ஒரே ஒரு தளபதி இருக்கிறார் என்பதை நான் சரியாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான். நெஞ்சு நிறையப் பதக்கம். மைக் முன்னால் வந்து இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுவார். ஐந்தாவது வரைக்கும் படித்த எனக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. முகத்தை மட்டும் பார்ப்பேன். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது.

“இந்த மனுசன் தூங்கினாரோ இல்லியோ, துன்னாரோ இல்லியோ” என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். “அத்தே, அந்தாளு துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா? ஏசி ரூம்ல கீறாரு. உங்க புள்ள துன்னானான்னு கேளுங்க.”

நான் திரும்ப டிவியையே பார்த்தேன். ஆனால் என் பயம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குப்பம் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் வேலை பார்த்தார். பாறைக்கு வெடி வைத்ததும் மேஸ்திரி விசில் ஊதுவார். எல்லாரும் தள்ளிப் போய்விட்டார்களா என்று தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டாவது விசில் ஊதினால்தான் திரியில் நெருப்பு வைப்பார்கள். மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஒருநாள் லாரிகள் வரிசையாகக் காத்திருந்தன, முதலாளி அவர் கழுத்தின் மேலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். மேஸ்திரி தலைகளை எண்ணாமல் ஊதிவிட்டார். என் வீட்டுக்காரர் அதன்பிறகு எழுந்து நடக்கவில்லை. படுத்த படுக்கையாகவே இருந்து போய்ச் சேர்ந்தார்.

அதனால்தான் அந்தத் தளபதியைப் பார்க்கும்போதெல்லாம், இவர் கழுத்தின் மேல் யார் நிற்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். டிவியில் பேசுகிறவர்கள் எல்லாம் அடி, அடி என்று கத்தினார்கள். தலைகளை எண்ணிப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மருமகள் திருப்பதிக்குப் போய் அர்ச்சனை பண்ணிக்கொண்டு வரலாம் என்றாள். மலை மேலே ஏறவில்லை. மேலே தரிசனத்துக்கு முன்னால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள்; கூட்டத்தில் மாட்டிக்கொண்டால், மகன் கூப்பிடும் நேரத்தில் அது அவள் கையில் இருக்காது என்பது அவள் கவலை. கீழே ஊருக்குள் ஒரு சின்னப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் தமிழ் ஐயங்கார். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் வேலைதான்.

மருமகள் தன் புருஷன் பேர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்தாள். அடுத்து அர்ச்சகர் என் தட்டை வாங்கினார். “உங்களுக்கு யார் பேருக்கும்மா?”

“பட்டாளத்துப் பெரிய தளபதி பேருக்கு, சாமி.”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தரையில் புதைந்து போகலாம் போல இருந்தது.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ.”

அந்தப் பேர் என் வாயில் நுழையாது. மருமகளைப் பார்த்தேன். அவளுக்கு நன்றாகத் தெரியும், நாள் பூரா டிவியில் கேட்கிறாள். ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

“தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடறேனே?”

“வேணாம் சாமி. அவருக்குத்தான் வேணும். எம் புள்ள அவர் கையிலதான் கீறான்.”

அர்ச்சகர் தட்டை எடுத்துக்கொண்டு, “இப்படி வாங்கோ” என்று பக்கத்துச் சன்னிதிக்கு அழைத்துப் போனார். அங்கே சேனை முதலியார் என்று ஒரு சாமி, ஒரு விரலை நீட்டி யாரையோ எச்சரிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். “பெருமாளோட சேனைக்கு இவர்தான் தலைவர். உற்சவம்னா முதல்ல வீதி சுத்திப் பார்க்கிறது இவர்தான். உங்க ஆளுக்கு இவர் முன்னாடியே பண்ணிடுவோம், பேர் இல்லாட்டாலும் இவருக்குப் புரியும்.” மந்திரத்தில் சேனாபதி என்று ஒரு வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் மருமகள் வெடித்தாள். “பெத்த புள்ளைக்குச் சாமிகிட்ட கேக்காம யாரோ ஒர்த்தருக்குக் கேக்கறீங்களே அத்தே! நாலு பேரு சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு.”

“நீதான் அவனுக்குக் கேட்டியேம்மா.”

“அதுக்கு? அந்தாளுக்குக் கேக்கக் கோடி பேரு கீறாங்க. இவனுக்கு நாம ரெண்டு பேருதானே கீறோம்!”

அவள் சொன்னதில் தப்பில்லை. பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம்.

பிறகு சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மகனின் போன் வந்தது. மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அழுது முடிக்கும் வரைக்கும் அவன் காத்திருந்தான்.

“அம்மா இருக்குதா?”

“சொல்லு நைனா.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்கிட்ட ஒரு சின்னப் பையன் கீறான், பட்டாளத்துல சேந்து ரொம்ப நாளாவல. குண்டு விழுந்துக்கினு இருந்துச்சு. டெலிபோன் லைன் அறுந்துபோச்சு. போய்ப் பாத்துக்கினு வாடான்னு நான்தாம்மா அனுப்பினேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “வயித்துல பட்டுச்சு. ஆஸ்பத்திரில கீறான்.”

“பொழைச்சுக்குவானா?” என்று மருமகள் கேட்டாள்.

“தெரியல.”

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன். இவனுக்குக் கீழே பத்துப் பேர் இருப்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஹவில்தார் என்றால் அதுதானே! ஆனாலும் நான் அந்தத் தளபதி ஒருத்தரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எங்கோ ஒரு வீட்டில் இருக்கிற ஒரு பொம்பளைக்கு, அவள் பிள்ளையின் உயிரைக் கையில் வைத்திருந்தவன் என் மகன்.

“அந்தப் பையனோட அம்மாகிட்ட ஆபீசர் பேசிட்டாரு. நானும் பேசணும்மா. இன்னான்னு பேசறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள். “மேல இருந்து ஆர்டருன்னு சொல்லிடுங்க. அதானே நெஜம்?”

“வேணாம்டா” என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. “மேல சொன்னாங்க, கீழ சொன்னாங்கன்னு சொல்லாத. நான்தாம்மா அனுப்பினேன்னு சொல்லு. அவங்க இன்னா கேட்டாலும் குறுக்கப் பேசாத. அவங்களா வைக்கிற வரைக்கும் நீ போனை வைக்காத.”

“சரிம்மா, இப்பவே பேசிட்டுத் திரும்பக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டான்.

மருமகள் என்னையே பார்த்தாள். கோயில் வாசலில் இருந்த கோபம் இல்லை, பயம். “ஏன் அத்தே அப்படிச் சொன்னீங்க? அந்தம்மா வாய்ல இன்னா வரும்னு யாருக்குத் தெரியும்? எம் புருசன் மேல சாபம் வுட்டா?”

“வுட்டா அவன் கேட்டுக்கணும்மா” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் அதே பயம்தான். இந்நேரம் அங்கே மணி அடித்திருக்கும், அந்தம்மாள் எடுத்திருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகு நேரம் அது அடிக்கவில்லை.