எடை தெரிந்த மூட்டை

எண்பதுகளின் தொடக்கம். எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்தோம். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் எனக்கு எடை போடும் வேலை. யாரையும் லேசில் நம்ப மாட்டேன். டீக்கடையில்கூட கிளாஸை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

அண்ணனுக்கு ஒரு வருடமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. டி.பி. என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி கரையவில்லை, கண்தான் மஞ்சளானது. ஸ்ரீரங்கத்து டாக்டர் ஒருவர் மட்டும், ரத்தத்தில் தங்கிப்போன ஏதோ வைரஸாக இருக்கலாம் என்றார். அத்தோடு ரத்தம் எடுக்கும் படலம் ஆரம்பமாயிற்று. அண்ணனால் பஸ் ஏற முடியாது. எங்கள் தெருக் கம்பவுண்டர் வீட்டிலேயே ரத்தம் எடுத்துச் சின்ன பாட்டிலில் தருவார். நான் ஸ்ரீரங்கம் லேபுக்குக் கொண்டுபோவேன். நாலு தடவை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் லேபில் இருந்த அம்மா, “இன்னும் தெளிவாத் தெரியலைங்க” என்றே சொன்னார். பிறகு, மெட்ராஸுக்கு அனுப்ப இன்னொரு பாட்டில் வேண்டும் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ரத்தத்தை விற்கிறார்களோ? பார்க்காமலே எதையாவது எழுதித் தருகிறார்களோ?

மண்டியில் தராசின் மேல் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த மூட்டை ஒன்றை வைத்துப் பார்ப்போம். அதையே இங்கும் செய்தேன். எனக்கும் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள் என்று கம்பவுண்டரிடம் புளுகி, நோய் எதுவுமில்லாத என் ரத்தத்தை எடுக்கவைத்து, பாட்டிலில் அண்ணன் பெயரை ஒட்டினேன். பஸ் திருவானைக்காவல் தாண்டும்போது, இன்றைக்கு வசமாக மாட்டினார்கள் என்று எனக்குள் சிரிப்பு வேறு.

அந்த அம்மா ஒரு சொட்டை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பழைய ஸ்லைடு ஒன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தார்.

“இது உங்க அண்ணன் ரத்தம் இல்லீங்களே?”

பாட்டிலில் ஒட்டியிருந்த அண்ணன் பெயரைக் காட்டினேன்.

“மூணு மாசமா அவர் ரத்தத்தைப் பாத்துட்டிருக்கேன். வெள்ளை அணு பெருசு பெருசா, கோணல்மாணலா இருக்கும். இதுல அப்படி ஒண்ணுகூட இல்லை. கவனிக்காம மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தா, வைரஸெல்லாம் ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கும். அந்த டி.பி. மாத்திரையையே தொடர்ந்திருப்பாங்க. அவர் ஈரல் தாங்குமா, சொல்லுங்க?”

உண்மையைச் சொன்னேன். அவமானத்தில் அழுதேவிட்டேன். அவர் திட்டவில்லை. “நாளைக்கு அவர் ரத்தத்தையே கொண்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. சின்ன வயதில் பலருக்கும் வந்து அடங்கிவிடும் ஒரு வைரஸ், அண்ணன் உடம்பில் அடங்காமலே இருந்திருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஆனால் டி.பி. மாத்திரைகள் நின்றன, கண்ணின் மஞ்சள் இறங்கியது. மகள் கல்யாணத்தைப் பார்க்கும்வரை அண்ணன் இருந்தார்.

இன்றும் நான் சந்தேகப் பிராணிதான். ஆனால் யாரையாவது சோதித்துப் பார்க்கக் கை பரபரக்கும்போதெல்லாம், அன்று அந்தத் தராசில் அண்ணன் உயிரைத் தூக்கி வைத்தது நினைவுக்கு வரும். கை தானாக நின்றுவிடும்.