பஸ்ஸுக்குள் ஏற்றிய குசினி அலுமாரிகள்

அந்தக் குசினி அலுமாரிகள் எங்கள் வீட்டு ஹோலில் மூன்று வருடங்கள் பெட்டிகளுக்குள்ளேயே இருந்தன. நிலத்தில் வைக்கிற அலுமாரி நான்கு, சுவரில் தொங்கவிடுகிற அலுமாரி இரண்டு. கபேட் என்றுதான் எங்கள் பேச்சில் வரும். சிலாபத்தில் ஒரு கடையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் கணவரும் போய் வாங்கி வந்தவை. வெள்ளைக் கதவுகள், சாம்பல் நிறக் கைபிடிகள். யாராவது வீட்டுக்கு வந்தால் பெட்டிகளின் மேல் துணி விரித்து, தேத்தண்ணிக் கோப்பைகளை அதில்தான் வைப்பேன்.

அவை நாங்கள் இருந்த புத்தளத்து வீட்டுக்கு வாங்கியவை அல்ல. மன்னாரில் என் வாப்பாவின் காணியில் கட்டவிருந்த வீட்டுக்கு வாங்கியவை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்தியதில் அந்தக் காணியை விட்டு வெளியேறியபோது எனக்கு ஒன்பது வயது, என் மூத்தவளான ராத்தாவுக்குப் பதினாறு. படகில் வந்து கற்பிட்டிக் கரையில் நின்றபோது, அலைக்குப் பயந்து இறங்க மாட்டேன் என்ற என்னை ராத்தாதான் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பிறகு முகாம், கிடுகுக் கொட்டில், கல்வீடு என்று எங்கள் வாழ்க்கை புத்தளத்திலேயே போய்விட்டது. வாப்பாவும் உம்மாவும் இங்கேயே மௌத்தானார்கள். காணி எங்கள் இருவருக்கும் வந்தது. அத்திவாரம் போட்டோம். சீமெந்து கைக்கெட்டாத விலைக்கு ஏறிய வருடம் அதோடு வேலை நின்றது. அலுமாரிகள் மட்டும் வந்து சேர்ந்திருந்தன.

ஆளில்லாத காணி சும்மா இருப்பதில்லை. முதலில் பற்றை வரும், பிறகு காடு வரும், அதன் பிறகு இது யாருடைய காணி என்று கேட்க ஆட்கள் வருவார்கள். அங்கே போய் மாதக்கணக்கில் நின்று துப்பரவாக்க வேண்டும். ஆனால் தங்க இடம் இல்லை. உறவுக்காரர் வீட்டில் எத்தனை நாள் பாய் விரிக்க முடியும்?

என் கணவர் புத்தளம்–கற்பிட்டி வீதியில் சொந்த பஸ் ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பிறகு, தினமும் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடுவதை டொக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பழைய பஸ் எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே நின்றது. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவர், அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க வீடு கட்டேலாட்டி, இங்கிருந்து ஒரு வீட்டக் கொண்டு போவம்" என்றார்.

"என்ன கதை இது?"

"பஸ்ஸத்தான் சொல்றன். சீட்டெல்லாம் கழட்டினா ரெண்டு அறைக்கு இடம் இருக்கு. மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு போகலாம். காணிக்குள்ளயே நிப்பம்."

கற்பிட்டிக் கடலில் காற்றாடி பிடித்துச் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் வேனுக்குள்ளேயே படுத்து எழும்புவதை அவர் பார்த்திருக்கிறார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மாலையே ஹோலில் இருந்த பெட்டிகளை நாடா வைத்து அளந்தது நான்தான்.

முந்தலில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் கூடு கட்டுகிற ஒரு பாஸை, மேஸ்திரியை, கூட்டி வந்தோம். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அலுமாரியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அக்கா, இது பலகை இல்ல. மரத்தூள ஒட்டி அமத்தின சாமான். வீட்டுச் சுவர்ல நிக்கும். பஸ் ஆடுற சாமான்தானே? ஆணி லூஸாகும். நான் இரும்புல பிரேம் அடிச்சு, மெல்லிய பலகை போட்டுத் தாறன். பாரமும் இல்ல."

"புதுச் சாமான வெச்சுக்கொண்டு ஏன் வேற செய்யணும்?"

"சரி, கீழ வைக்கிறத வைப்பம். மேல தொங்குறது மட்டும் வேணாம் அக்கா."

"அது ரெண்டும் ஒரே செட். பிரிக்கேலாது" என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ் தரையையும் ஜன்னல்களையும் கட்டிலையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேல் அலுமாரிகளில் அவர் கை வைக்கவில்லை. எல்லா அலுமாரிகளையும் என் கணவரே பொருத்தினார்.

பஸ்ஸின் சுவர் நேரானது அல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு மேலே அது உள்பக்கம் சாய்ந்துகொண்டு போகும். அலுமாரியின் முதுகோ சுவரைப் போல் நேர். இரண்டுக்கும் இடையில் விழுந்த இடைவெளியில் மரத்துண்டுகளைச் செருகி, உள்தகட்டில் ஸ்க்ரூ இறுக்கினார். சக்கரம் வருகிற இடத்தில் ஒரு அலுமாரியின் அடியை அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த வாயிலிருந்து மஞ்சள் தூள் கொட்டியது. பாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. தூளைக் கூட்டி அள்ளினேன்.

முடிந்த பிறகு அழகாகத்தான் இருந்தது. மேல் அலுமாரியில் பீங்கான்களை அடுக்கினேன். வெறுங்காலுடன் அந்தத் தரையில் நின்றபோது, எனக்கென்று ஒரு குசினி கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் பயணத்துக்கு ராத்தாவும் வந்தாள். காலையில் புறப்பட்டு அநுராதபுரம் வீதியில் போனோம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே கீழ் அலுமாரியின் கதவுகள் ஒவ்வொரு வளைவிலும் திறந்து அடிக்கத் தொடங்கின. வீட்டுக் கதவுக்கு ஒரு சின்னக் காந்தம் போதும், ஓடுகிற வண்டிக்கு அது போதாது. நான் முன்னால் கணவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ராத்தா எழும்பிப் போய், அலுமாரிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கதவுகளைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பேசாம இரு. நான் புடிச்சுக்கொள்றன்" என்றாள்.

கருவலகஸ்வெவையைத் தாண்டியதும் ஒரு மாட்டுப்பட்டி வீதியில் ஏறியது. என் கணவர் பிரேக்கை அமர்த்தினார். பஸ் நின்றுவிட்டது. ஆனால் மேல் அலுமாரி ஒன்று நிற்கவில்லை. ஸ்க்ரூக்கள் மரத்தூளைப் பிய்த்துக்கொண்டு வர, பீங்கான்களோடு கழன்று ராத்தாவின் தோளில் விழுந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கதவு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"அல்லாஹ்வே, கபேட்!" என்று கத்தினேன்.

அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் சொல். அதற்குப் பிறகுதான் கீழே ராத்தா தோளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததைக் கண்டேன். ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

புத்தளம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். காறை எலும்பு உடைந்திருந்தது. கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டேன். அவள் தன் மகளின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டை வாங்கிக்கொண்டார்கள். ராத்தா என்னோடு கதைக்கவில்லை. மகள் கேட்டால் பதில் சொல்லுவாள், பக்கத்து வீட்டுப் பெண் வந்தால் சிரிப்பாள். நான் உள்ளே வந்தால் சுவரைப் பார்த்துப் படுப்பாள். இப்படிப் பதினொரு நாள். வீட்டில் என் கணவர், "நான் பிரேக் அடிச்சதுதான் பிழை" என்று சொல்லிச் சொல்லித் திரிந்தார். பஸ்ஸின் பக்கம் போகவே இல்லை. பிழை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் ராத்தா தானாகவே கேட்டாள்.

"அண்டைக்கு நீ எனக்காகவா கத்தின, கபேட்டுக்காகவா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. உங்களைப் பார்க்கவில்லை ராத்தா, சத்தம்தான் கேட்டது என்று சொல்லியிருக்கலாம். அதிலும் பாதி உண்மைதான்.

"முதல்ல கபேட்டுக்குத்தான் ராத்தா" என்றேன். "பாஸ் வேணாமெண்டு சொன்னவர். நான்தான் கேக்கல்ல. என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

தெருவில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் கூவிக்கொண்டு போனது.

"எனக்கு விளங்கினதுதான்" என்றாள் கடைசியில். "நோவு அடங்கிரும். அந்தச் சத்தம்தான் காதுக்குள்ள நிக்குது."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையில் கை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "தேத்தண்ணி ஊத்து. உனக்கும் எடு" என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த வீட்டில் நான் குடித்த முதல் தேத்தண்ணி அதுதான்.

அடுத்த நாள் பஸ்ஸுக்குள் ஏறி எல்லா அலுமாரிகளையும் நானே கழற்றினேன். பாஸை மறுபடி கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னேனே" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை.

"இப்ப நீங்க சொல்றபடி செய்வம்" என்றேன்.

மேலே ஒன்றும் தொங்கவில்லை. கீழ் அலுமாரிகளுக்காகப் பஸ்ஸின் அடிச்சட்டத்தோடு சேர்த்து இரும்புச் சட்டம் வெல்டிங் பண்ணினார். ஸ்க்ரூவுக்குப் பதிலாக, பலகையை ஊடுருவிப் போகும் போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் காசளவு வாஷர். அலுமாரியின் முதுகைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப அறுத்தார். அறுத்த ஓரங்களில் வார்னிஷைக் குடிக்கக் குடிக்கப் பூசினேன். எங்கள் களப்புக் காற்றில் உப்பு இருக்கிறது, அந்தத் தூள் பலகை ஈரம் பட்டால் தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதும். கதவுகளுக்கு வெளியே கொளுக்கிகள் வைத்தோம். பார்க்க அழகில்லை. பெரிய வீதியில் பள்ளத்தில் விழுத்தி, சடாரென்று நிறுத்தி, மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு கரண்டிகூட வெளியே வரவில்லை.

இரண்டாம் பயணம் நானும் கணவரும் மட்டும் போனோம். இருபத்திநான்கு நாள் காணிக்குள் நின்றோம். பற்றையை வெட்டினோம், எல்லைக் கல் தேடினோம். அந்தக் குசினியில்தான் சமைத்தேன்.

மூன்றாம் பயணத்தில் ராத்தாவைக் கூப்பிட்டேன். "வாறன். ஆனா உங்கட பஸ்ஸில இல்ல" என்றாள். புத்தளத்திலிருந்து சாதாரண பஸ்ஸில் வந்து இறங்கி, ஒழுங்கையால் நடந்து வந்தாள். ராவைக்கு, உம்மாவின் தங்கையான சாச்சியின் மகள் வீட்டில் படுத்துக்கொண்டு, பகலில் காணிக்கு வருவாள். எங்கள் பஸ்ஸின் படியில் கால் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இடது கையைத் தோளுக்கு மேலே இன்றைக்கும் அவளால் உயர்த்த முடியாது. தலைமுக்காட்டை ஒரு கையாலேயே சரி செய்கிறாள்.

நான்காம் நாள் நல்ல மழை. பூவரச மரத்துக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றவள், கடைசியில் படியேறி உள்ளே வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேலே ஒருமுறை பார்த்தாள். அங்கே ஜன்னல் மட்டும்தான் இருந்தது. நான் சோறும் சூடைமீன் ஆணமும் கொடுத்தேன். மூவரும் மழைச் சத்தத்துக்குள் சாப்பிட்டோம்.

கை கழுவிக்கொண்டு வந்து, "எப்ப வீடு கட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது ராத்தா" என்றார் என் கணவர்.

"அப்ப முதல்ல வாப்பாட கிணத்த இறைங்க. தண்ணியில்லாம என்ன குடியிருப்பு?"

மழை விட்ட மறுநாள் இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்துக் கிணற்றை இறைத்தோம். முதலில் சேறும் இலையும் வந்தன. பிறகு மண் நிறத்தில் தண்ணீர். ராத்தா கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு வாளியையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் தண்ணீர் தெளிந்தது.