படத்தில் மட்டும் இருந்த குட்டை

சென்ற மாசி மாதம் ஒரு குட்டையைப் பார்ப்பதற்காகத் திருத்தணிக்குப் போய்வந்தேன். திருத்தணிக்குப் போகிறவர்கள் மலையேறப் போவார்கள். என் காரணத்தைக் கேட்டதும் ரயிலில் பக்கத்தில் இருந்த அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சென்னையில் நாங்கள் சிலர் நடத்தும் சிறிய மாதர் சங்கம், திருத்தணியில் ஆறு கட்டில் கொண்ட பிரசவ விடுதி கட்ட இரண்டு வருஷமாக முயன்றுவருகிறது. ஊருக்கு வெளியே கே.ஜி.கண்டிகைக்குப் போகும் சாலையில், ஒரு விவசாயக் குடும்பத்தார் ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் தானமாகத் தந்தார்கள். சர்வேயர் ஒருவரை அமர்த்தி அளந்து படம் எழுதி வாங்கினோம். படத்தில் கட்டடம் வரவேண்டிய இடத்தை ஒட்டி நீல மை பூசிய ஒரு வட்டம் இருந்தது. அதற்குள் ‘குட்டை’ என்று எழுதியிருந்தது. எங்களுக்கு ஆலோசனை சொல்லும் எஞ்சினியர் அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் தேங்கும் நிலத்தில் கொசு வரும், சுவர் ஈரம் குடிக்கும், அஸ்திவாரம் இறங்கும். ரயில் பாதைக்கு மறுபக்கம் விலைக்கு வரும் மனையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

கமிட்டியில் கணக்குப் படித்தவள் நான் ஒருத்தி. கல்லூரியில் அதைத்தான் கற்பிக்கிறேன். படம் பார்க்கத் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். குட்டையையும் மாற்று மனையையும் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அவசரமும் இருந்தது. யுத்தம் முடிந்தும் சிமெண்டுக்கும் இரும்புக்கும் பர்மிட் இல்லாமல் ஒரு சுவர் எழுப்ப முடியாது. எங்களுக்குக் கிடைத்த பர்மிட் பங்குனி முடிவோடு காலாவதியாகிவிடும். அதற்குள் மனை நிச்சயமாகாவிட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருத்தல்.

சென்னையிலிருந்து காலை வண்டியில் அரக்கோணம் சென்று, அங்கே ரேணிகுண்டா மார்க்க வண்டிக்கு மாற வேண்டும். அரக்கோணத்திலிருந்து எட்டு மைல்தான். ஆனால் வண்டி மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபாயும் சில்லறையும். கிருத்திகையன்று போகாதீர்கள். வண்டியிலும் இடம் இராது, இறங்கினால் ஜட்காவும் கிடைக்காது.

ஸ்டேஷனில் காந்தம்மா காத்திருந்தார். பயிற்சி பெற்ற மருத்துவச்சி, வயது நாற்பது இருக்கும். கடைத்தெருவில் ஒரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பிரசவம் பார்க்கிறார். விடுதி வந்தால் அதை நடத்தப்போகிறவர் அவர்தான். எனக்கு மாலை மரியாதை எதுவும் இல்லை.

“பள்ளத்தப் பாக்க வந்தீங்களாம்மா?” என்றார்.

குட்டை என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

“எழுதறவங்க எழுதுவாங்க. வேணான்னு சொல்றதுக்கு ஒரு சாக்கு வேணும் இல்ல?”

அவர் கோபத்துக்குக் காரணம் ஜட்காவில் போகும்போது தெரிந்தது. பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் அம்மையார்குப்பத்திலிருந்து நெசவாளர் வீட்டுப் பெண்களை மாட்டுவண்டியில் கொண்டுவருகிறார்கள். தானமாக வந்த நிலம் அவர்கள் வரும் திசையிலேயே இருக்கிறது. மாற்று மனைக்குப் போகவேண்டுமானால் ஊரைத் தாண்டி, ரயில்வே கேட்டையும் தாண்ட வேண்டும். போன ஐப்பசியில் அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒரு பெண்ணுக்கு, கூட்ஸ் வண்டிக்காக மூடிய கேட்டின் முன்னால் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. “தாயும் புள்ளயும் நல்லா கீறாங்க. எல்லா வாட்டியும் அப்டி ஆவாதுங்க,” என்று காந்தம்மா சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜட்கா ஓட்டியவர் காதர் பாய். நிலம் ஸ்டேஷனிலிருந்து ஒன்றேகால் மைல். எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு ஒத்துக்கொண்டார். அந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டேன்.

“தண்ணி வேணும்னா ரயிலடிக் கொழாய்க்குப் போலாங்க. அங்க என் குருதைக்கு ஒரு வாய் கெடைக்காது,” என்றார்.

காதர் பாய் சொன்னதை நான் குறித்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்களுக்கு விடுதி வேண்டும். வேண்டியவர்கள் தண்ணீரைக் குறைத்துத்தான் சொல்வார்கள். நிலத்தில் இறங்கிப் பார்த்தேன். காரைப் புதரும் வெடித்த மண்ணும்தான் கண்ணில் பட்டன. அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. மாசி மாதத்தில் பெரிய ஏரிகளே வற்றிக் கிடக்கும்போது ஒரு குட்டை காய்ந்திருப்பதில் என்ன ஆச்சரியம்? இருந்த இடமாவது தெரியவேண்டுமே என்று தேடினேன். புதர் மறைத்தது.

சர்வேயர் தேவராஜனுக்கு முன்னதாகவே கடிதம் போட்டிருந்தேன். அரக்கோணத்தில் வேறு வேலையாக இருந்தவர், மறுநாள் காலை கருவிகளோடும், முன்பு அளவுச் சங்கிலி பிடித்த அதே இரண்டு ஆட்களோடும் வந்துசேர்ந்தார். கும்பகோணத்துக்காரர், முப்பது வயது, சாது. தன் படத்தில் பிழை தேட ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று அவர் முகம் சுளிக்கவில்லை. அதை மெச்ச வேண்டும்.

நிலத்தில் உள்ளவற்றைப் படத்தில் ஏற்றும் முறையைச் சற்று விளக்கிவிடுகிறேன். மனை வாங்குகிறவர்களுக்கு உதவும். முதலில் அசையாத ஓர் இடத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது சாலையின் சிறு பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மூலை. அங்கிருந்து கொடிகள் நட்டு நேர்கோடு பிடித்து, நூறடிச் சங்கிலியைத் தரையில் நீட்டுகிறார்கள். மரமோ கிணறோ வேலியோ எதிர்ப்பட்டால், சங்கிலியில் எத்தனையாவது அடி, அங்கிருந்து செங்குத்தாக இடப்பக்கமோ வலப்பக்கமோ எத்தனை அடி என்று இரண்டு எண்களை எடுக்கிறார்கள். சங்கிலி பிடிக்கிறவர் தூரத்திலிருந்து கூவுவார், சர்வேயர் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான் முறை. எளியது, மலிவானது. ஆனால் மேடு பள்ளம் அதில் தெரியாது.

படத்தின்படி குட்டை, கோட்டில் நூற்றுநாற்பதாவது அடியில் இடப்பக்கம் அறுபதடி. அளந்துகொண்டு போனோம். அந்த இடத்தில் மார்பளவு உயரமான ஒரு பாறை மேடு, புதர் போர்த்திக்கொண்டு நின்றது.

தேவராஜன் சங்கிலியைச் சந்தேகித்தார். சங்கிலியில் பத்தடிக்கு ஒன்றாகப் பித்தளை வில்லைகள் தொங்கும். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் சரியாக இருக்க வேண்டுமென்று நாற்பதாவது அடிக்கும் அறுபதாவது அடிக்கும் ஒரே மாதிரி நான்கு பல் வில்லை வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பது சகஜமாம். அப்படியானால் குட்டை நூற்றறுபதாவது அடியில் இருக்க வேண்டும். அங்கேயும் போனோம். கட்டாந்தரை. குறுக்களவையும் நாற்பதாக வைத்துப் பார்த்தோம். அங்கும் ஒன்றுமில்லை.

படம் எழுதிய அன்று நீங்கள் குட்டையைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் உண்மையைச் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் குளிர் ஜுரம். பாலத்துப் பக்கத்துப் புளியமரத்தடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஆட்கள் கூவியதை எழுதியிருக்கிறார். மறுநாள் வந்து சரிபார்க்க நினைத்தவர் ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார்.

மறுபடி ஒருமுறை அளக்கச் சொன்னேன். சங்கிலியின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு முனிரத்தினம் என்பவர் புதருக்குள் போனார். பின்முனையில் அவருடைய மைத்துனர். முனிரத்தினம் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“பாவா, குட்ட மீத உன்னா. லாகு.”

தேவராஜன் பென்சிலை எடுத்தார். நான் அவரை நிறுத்தி, எங்கே நிற்கிறாய் என்று முனிரத்தினத்திடம் சத்தமாகக் கேட்டேன்.

“குட்ட மேலதாங்க நின்னுகினு கீறேன். தெரிலீங்களா?”

புதருக்கு மேலே அவருடைய சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது. மேட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார்.

காந்தம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “மேட்டு மேல கீறேன், இழுன்னு தெலுங்குல சொல்றாம்மா. அவங்களுக்குக் குட்டன்னா மேடு.”

இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். சங்கிலி பிடிக்கும்போது முனிரத்தினத்துக்கு வாயில் வருவது வீட்டுப் பேச்சு. தெலுங்கில் அந்தச் சொல் கனத்த ககரத்தில் தொடங்குகிறது. நூற்றைம்பதடி தூரத்தில், ஜுரக் காதில், அந்தக் கனம் எப்படிக் கேட்கும்? எழுதினாலும் தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. சென்னையில் படத்துக்கு மை தீட்டியவர் முறைப்படி நீலம் பூசிவிட்டார்.

தேவராஜன் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். “எங்க ஊர்ல குட்டைன்னா தவளை கத்தும்,” என்றார்.

விஷயம் கேட்டுக் கீழே இறங்கி வந்த முனிரத்தினம் அவரை விடவில்லை. “தண்ணியாருந்தா அன்னிக்கு நானு நீந்திகினா சங்கிலி புடிச்சேன், சார்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு சொல்லின் பொருள் மாறியதனால் நிலம் நல்ல நிலம் என்று ஆகிவிடாது. அந்த ஓரிடத்தில் மேடு என்பது மட்டும்தான் தெரிந்தது, மற்ற இடங்கள்? மட்டம் பார்த்தாக வேண்டும் என்றேன்.

மட்டம் பார்க்கும் கருவி, முக்காலியில் படுக்கைவசமாக நிறுத்திய ஒரு தொலைநோக்கிதான். அடியும் பின்னமும் குறித்த உயரமான கோலை ஒவ்வோர் இடமாக நிறுத்தச் சொல்லி, கண்ணாடி வழியே எண்ணைப் படிக்கிறார்கள். எண் குறைந்தால் தரை உயர்கிறது, எண் கூடினால் தரை தாழ்கிறது. நான் இதை விளக்கியபோது காந்தம்மா, “எண்ணு ஏறுனா தர எறங்குதா? இதுக்குத்தான் நீங்க காலேஜ்ல படிச்சீங்களா?” என்றார். ஸ்டேஷனில் பேசிய குரல் அல்ல அது.

பாலத்தின் மேல்தளத்தில் கோல் ஏழடி ஒன்பது காட்டியது. மேட்டின் உச்சியில் ஓரடி மூன்று. பாலத்தைவிட ஆறரை அடி உயரம். கட்டடம் வரவேண்டிய இடம் பாலத்தைவிட இரண்டடி உயர்ந்திருந்தது. இருபதடிக்கு ஓரிடமாக நிலம் முழுவதும் கோலைக் கொண்டுபோகச் சொன்னேன். வெயில் ஏறியது. தெற்கு மூலைக்கு வந்தபோது எண் ஒன்பதடியைத் தாண்டியது. பாலத்தைவிட ஓரடிக்கு மேல் தாழ்வு. மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

காந்தம்மாவின் முகம் மாறியது. “இதயும் எழுதுவீங்களா?”

எழுதுவேன் என்றேன்.

“எழுதுனா மறுபடியும் வேணான்னுடுவாங்க. அந்த மூலைய உட்டுடுங்களேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?”

அவரிடம் எனக்கு மதிப்பு உண்டாகியிருந்தது. அதனால் பதில் சொல்வது சுலபமாக இல்லை. இல்லாத தண்ணீரைப் படத்தில் போட்டதால் இந்த நிலத்தை இழக்கப் பார்த்தோம்; இருக்கும் தண்ணீரை மறைத்தால் கட்டடத்தையே இழப்போம் என்றேன். தேவராஜன் கோலை எடுத்துப்போய்ப் பாலத்துக்கு அடியில், வாய்க்கால் தரையில், நிறுத்தச் சொன்னார். பதினோரடிக்கு மேல் காட்டியது. தெற்கு மூலையைவிட வாய்க்கால் இரண்டடி பள்ளம். அப்படியானால் மூலையிலிருந்து அங்கே ஒரு சிறு வடிகால் வெட்டினால் தண்ணீர் தானே ஓடிவிடும். நான் பென்சிலால் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கில் எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை.

பிற்பகலில் தேவராஜன் அந்த மேட்டின் மேலேயே பலகை மேசையை நிறுத்தினார். முக்காலியில் பொருத்திய சமமான பலகை. அதில் தாளை ஒட்டி, அங்கே நின்றபடியே கண்ணால் பார்த்துக் கோடு இழுத்துப் படம் எழுதுவது. மலைமேல் கோபுரத்தையும் ரயில் சிக்னல் கம்பத்தையும் குறி பார்த்துத் திசையைச் சரிபண்ணினார். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே ஆள், ஒரே இடம். காதுக்கு அதில் வேலையில்லை. முனிரத்தினம் மேட்டுக்குக் கீழே பீடி பற்றவைத்துக்கொண்டு, இன்றைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்று மைத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிய படத்தையும் மட்டக் கணக்கையும் எஞ்சினியரிடம் கொடுத்தேன். கட்டடத்தை நாற்பதடி வடக்கே தள்ளி, வடிகாலையும் சேர்த்து அவர் ஒப்புக்கொண்டார். கமிட்டி கையெழுத்திட்டுவிட்டது. பங்குனி முடிவதற்குள் சிமெண்டை எடுத்துவிடுவோம். கட்டி முடிந்த பிறகுதான் நான் எதையும் நம்புவேன். ஆனாலும் இதை எழுதும்போது மனம் லேசாக இருக்கிறது என்பதை மறைப்பானேன்?

கட்டடத்துக்கு மனை பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பாருங்கள். நீளம் அகலம் மட்டும் உள்ள படத்தை முழுப்படம் என்று எண்ணாதீர்கள், மட்டம் கேளுங்கள். கூடுதல் செலவு ஒரு நாள் கூலிதான். எல்லையோர ஊர்களில், அளக்கிறவரும் எழுதுகிறவரும் ஒரே பாஷை பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். திருத்தணியில் தங்கச் சத்திரம் உண்டு, பாயும் போர்வையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கடைத்தெருவில் இட்லி நன்றாயிருக்கிறது. காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மலையேறுவதானால் வெயிலுக்கு முன் ஏறுங்கள். நான் ஊர் திரும்பும் நாள் காலையில் ஏறினேன். மேலிருந்து எங்கள் நிலத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அன்று காந்தம்மா ஸ்டேஷன் வரை வந்தார். அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர் வீட்டு மருமகள் ஒருத்திக்கு இப்போது மூன்று மாதம். இரண்டு முறை குறைப்பிரசவமாகிவிட்டதாம். வண்டி வந்து நின்ற பிறகும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

“ஆவணிக்குள்ள கூரை போட்ருவாங்களாம்மா?”

பர்மிட், கொத்தனார், மழை என்று காரணங்கள் அடுக்குவதுதான் என் வழக்கம். வாயைத் திறந்தவள், மனத்துக்குள் வாரங்களை எண்ணத் தொடங்கினேன்.

“ஆவணியில் முன்பாதியா, பின்பாதியா?” என்று கேட்டேன்.

“பின்பாதிங்க.”

“அப்படியானால் முடியும்,” என்றேன்.